நடந்தால் நடக்காது

இரவு ஒன்பது. வெளியே சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
தண்டர் பேயில் ஏரி
கரையிலிருந்து உள்நோக்கி உறைந்துகொண்டு போகிறது.
நான்காம் மாடியில் பதினான்கு கட்டில்கள், இருபத்தேழு கால்கள்.
எனக்கும் மரிசெலுக்குமாக
விடியும்வரை ஒரே வேலை:
ஏரிக்கு நேர்வது
இந்தக் கால்களின் இரத்தத்துக்கு நேராமல் பார்ப்பது.

ஆறாம் கட்டிலில் சிவகடாட்சம்.
பதினெட்டுச் சில்லு லொறி ஓட்டுகிறவர்.
நிப்பிகனில் டீசல் அடிக்க இறங்கி, வழுக்கி,
இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு வந்தவர்.
"இருவத்திரண்டு வருசம் இருந்த இருப்பில ஓடினனான்,
காலுக்கு ஒண்டும் வரேல்லை.
இப்ப சும்மா படுத்திருக்கிறவனை
ஏன் பிள்ளை வயித்தில குத்துறாய்?"

சும்மா படுத்திருப்பதுதான் ஐயா, என்கிறேன்.

மருந்து நிரப்பியே வரும் ஊசி.
உள்ளே ஒரு சின்னக் காற்றுக்குமிழி.
அதைத் தட்டி வெளியேற்றக் கூடாது,
கடைசித் துளியை உள்ளே தள்ளிவிடுவது அதுதான்.
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி.
நேற்று இடம் என்றால் இன்று வலம்.
கிள்ளிய தோலை விடாமல் மெதுவாக.
"தேய்க்காதீங்கோ."
தேய்க்கிறார்.
கருநீலம், ஊதா, பழுத்த மாங்காயின் மஞ்சள்:
ஐந்து நாள்கள் அவர் வயிற்றில்
தேதி போட்டுக் கிடக்கின்றன.

பிறகு கெண்டைக்கால்களுக்கு உறை.
காற்று ஏறி இறுக்கும். விடும். இறுக்கும்.
"கட்டிலுக்குக் கீழ ஆரோ பெருமூச்சு விடுகினம்,"
கழற்றச் சொல்லிக் கேட்கிறார்.
நான் மாட்டேன் என்கிறேன்.
காரணம் சொல்வதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், இதே மாடி, பதினோராம் அறை.
முழங்காலுக்குக் கீழே முறிவு. முப்பத்தெட்டு வயது.
பெயரை இங்கே எழுதமாட்டேன்.
நான்காம் நாள் காலை பல் துலக்க எழுந்தவள்
'மூச்சு' என்று தொடங்கினாள்.
வாக்கியம் முடியவில்லை.
காலிலிருந்து ஒரு கட்டி
கிளம்பி நெஞ்சுக்குப் போக
ஒரு வாக்கியத்தின் நேரம்கூட எடுப்பதில்லை.
எல்லாம் முடிந்தபின் பார்த்தேன்:
சுவரில் அவள் கால் உறையின் பிளக் கழன்று தொங்கியது.
அந்தத் துளையில் யாருடையதோ கைப்பேசி,
நூறு வீதம் நிறைந்து, பச்சையாய்.

அதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை.
அது காரணமில்லை என்றும்.

அன்றிலிருந்து அறைக்குள் நுழைந்தால்
முகங்களை முதலில் பார்ப்பதில்லை, சுவரைப் பார்க்கிறேன்.
தலைக்கனம் என்கிறார்கள்.

'எனக்கு வராத கட்டிக்கு நன்றி' என்று
ஒரு பெட்டி டோனட் வைத்துவிட்டுப் போனவர் எவருமில்லை.
படிவத்தில் ஒரு சரி அடையாளம்.
அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

காலை எட்டரை. என் நேரம் முடிந்து ஒரு மணியாகிவிட்டது.
நடைச்சட்டத்தை அவர் முன்னால் வைக்கிறேன்.
"நடந்தால் நடக்காது."
ஆங்கிலத்தில் இதற்கு எனக்கு இரண்டு வாக்கியம் வேண்டும்.
சிரிக்கிறார், எழுந்ததும் வைகிறார்,
என்னையல்ல, நிப்பிகனை.

ஜன்னலுக்குப் பதினொரு அடி.
வெளிச்சம் இப்போதுதான் வருகிறது.
ஏரிக்கு அப்பால் மல்லாந்து கிடக்கும் மலை,
நெஞ்சில் கை கட்டிய பூதம்போல.
பிசியோதெரபி டோனாவின் மக்கள் அவனுக்கு
ஒரு பெயரும் கதையும் வைத்திருக்கிறார்கள்.
அது அவள் சொல்லவேண்டிய கதை.
சிவகடாட்சம் நெடுநேரம் பார்க்கிறார்.
"படுத்தே கிடந்து கல்லாப் போனான்.
உவனுக்கு ஒருத்தரும் ஊசி போடேல்லைப் போல."

திரும்பவும் பதினொரு அடி.
ஐந்தாவதில் நிற்கிறார். மூச்சு வாங்குகிறது.
இப்போது நான் முகத்தைப் பார்க்கிறேன்.
"ஒண்டுமில்லை, பிள்ளை."

இருந்தாலும் விரலில் கருவியை மாட்டுகிறேன்.
எண் வரும்வரை
நடைபாதையின் நடுவில்
இரண்டு பேரும் நிற்கிறோம்.